டப்பாவில் விழுந்த முகம்

புள்ளிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பிறவிக் குணம். சாப்பிடும்போது மேசைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்துவிடுவான். இப்படிப்பட்டவன் பிழைப்புக்கென்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, மூச்சைக்கூட அளந்து விடவேண்டிய ஒரு வேலையை. பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடிப் பிடித்து, தட்டி எழுப்பி, மறுபடியும் படம் எடுக்க வைக்கிற வேலை.

கைப்பேசியிலேயே எல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கினார்களே, உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளி நிறக் கேமரா, அதுதான். பிறகு அவையெல்லாம் மேசை இழுப்பறைகளில் படுத்துத் தூங்கிப் போயின. புள்ளி அவற்றைப் பழைய சாமான் கடைகளிலிருந்து பை பையாக அள்ளிக்கொண்டு வருவான். பேட்டரி உட்காரும் இடத்தில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டுவான். லென்ஸுக்குள் சிக்கிய மணலை ஊதி எடுப்பான். கடைசியில் அதில் நாலு படம் எடுத்துக் கணினியில் ஏற்றி, மென்பொருளால் பெரிதாக்கிக் காட்டுவான். தபால்தலை அளவுக்குத்தான் லாயக்கு என்று எல்லோரும் கைகழுவிவிட்ட கேமராவின் படம், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே புள்ளி இந்தத் தொழிலில் இருந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மென்பொருள் செய்வது மந்திரம் ஒன்றும் இல்லை. சின்னப் படத்தில் இல்லாத புள்ளிகளை, தான் இதுவரை பார்த்த கோடிக்கணக்கான படங்களை வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இதுதான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடும். ஊகம் என்ற சொல்லைப் புள்ளி வாயில் வைத்துப் பேசமாட்டான். உயிர் கொடுக்கிறது என்பான். அவன் தங்கச்சி அதற்கு வைத்த பெயர் புருடா.

புள்ளி என்ற பெயரை வைத்தது அப்பா. அவர் நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைக் கற்களைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதற்காக ஒரு காலத்தில் தன் கைக்காசைப் போட்டு ஒரு கேமரா வாங்கினார். வேலை நாட்களில் அதில் கற்கள் விழுந்தன. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் விழுந்தார்கள். எடுத்த படத்தைப் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முகம் சிதறிக் கட்டம் கட்டமாகிற வரைக்கும் பொத்தானை அழுத்தி, "புள்ளி தெரியுது, புள்ளி தெரியுது" என்று மகன் வீடெல்லாம் ஓடுவான். பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரில் அவனை இப்போது அரசாங்கம் மட்டும்தான் கூப்பிடுகிறது.

அந்தக் கேமராதான் அவன் முதலில் உயிர்ப்பித்த கேமரா. தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் ஜூம் மட்டும் செத்துப் போயிருந்தது, அதற்கு மாற்றுச் சாமான் கிடைக்கவே இல்லை. மற்றபடி நன்றாக ஓடியது. எங்கே போனாலும் அது அவன் தோள்பையில் இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அப்பா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. முகத்தின் ஒரு பாதி அவர் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. முக நரம்பில் வருகிற வாதம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கண் சரியானது, பேச்சு சரியானது, வாய் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு பக்கம் தொங்கியபடியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணாடி பார்க்காமலே சவரம் செய்யப் பழகிக்கொண்டார்.

வீட்டிலும் ஒரு பழக்கம் வந்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அவருடைய வாயை யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அம்மா அவர் நெற்றியைப் பார்த்துப் பேசுவாள். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கையையே பார்ப்பாள். புள்ளி அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பார்ப்பான். பாசத்தில் செய்ததுதான். அவர் மனம் நோகக் கூடாது என்று மூன்று பேரும் தனித்தனியாக நினைத்துச் செய்தது.

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் முடிந்த வாரமே அவள் கணவனோடு வேறு நாட்டுக்குப் போகிறாள். அங்கே அவர்களுக்கு ஒரு வீடு பார்த்தாகிவிட்டது. அதன் சுவரில் மாட்டப் பெரிய குடும்பப் படம் வேண்டும். அதில் அப்பா இருக்க வேண்டும்.

"மூணு வருஷமா அவர் ஒரு போட்டோல கூட இல்லண்ணா. இருக்கிற அப்பாவை நான் எடுத்துட்டுப் போகணும். பழைய அப்பா என்கிட்ட இருக்காரு" என்றாள்.

புள்ளி தலையை ஆட்டினான். அவள் சொன்னதில் பாதிதான் அவன் காதில் ஏறியது என்பது பிறகுதான் தெரிந்தது.

திருமணப் பதிவு அலுவலகத்துக்கு, ஏற்பாடு செய்திருந்த போட்டோகிராபர் பீரங்கி மாதிரி ஒரு கேமராவோடு வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தார், பீரங்கி திரும்பியது, மறுபடியும் அவருக்குத் தாகம் எடுத்தது. அன்றைக்கு அவர் குடிக்கப் போன தண்ணீருக்கு ஒரு கிணறு வற்றியிருக்கும். பீரங்கிக்காரரின் அத்தனை படங்களிலும் அப்பா என்பது ஒரு பின்னந்தலை, அல்லது கம்பத்துக்குப் பின்னால் ஒரு தோள்.

இதை எதிர்பார்த்துத்தான் புள்ளி வந்திருந்தான். கையெழுத்தெல்லாம் முடிந்து பீரங்கிக்காரர் கிளம்பிய பிறகு, வாசல் படிகளில் எல்லோரையும் நிற்க வைத்து, தோள்பையிலிருந்து அந்தப் பழைய கேமராவை எடுத்தான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த டப்பாவா? அதுல நான் நின்னா என்ன, எல்லைக்கல்லு நின்னா என்ன. ரெண்டும் ஒண்ணுதான்" என்றபடி மூன்றாவது படியில் வந்து நின்றார்.

அதில் எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் நின்றார். அது புள்ளிக்கும் தெரியும். உறுத்தவில்லையா என்றால், லேசாக உறுத்தியது. நல்ல காரியத்துக்குத்தானே என்று அதை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தான்.

பன்னிரண்டு பேரும் சட்டத்துக்குள் வருவதற்கு, ஜூம் இல்லாத கேமராவோடு தெருவின் எதிர்ப்பக்கம் வரைக்கும் பின்னால் போனான். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் புத்தம்புது ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. அவன் அதைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வாத்து மாதிரி ஒரு நடை நடந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், வாய்விட்டு, கையால் மறைக்காமல். புள்ளி பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் தன் கடையில் அந்தப் படத்தோடு உட்கார்ந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியொரு படம். வெயில் பக்கவாட்டில் விழுந்து, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, பீரங்கிக்காரர் நாள் முழுக்க நின்றும் கிடைக்காத படம். ஆனால் சின்னது. ஒவ்வொரு முகமும் கணினித் திரையில் கட்டைவிரல் நகத்தளவுதான் வந்தது. அதில் ஒரு வாய் என்பது பத்துப் பதினைந்து புள்ளி.

மென்பொருளில் முகங்களுக்கென்று தனியாக ஒரு பொத்தான் உண்டு. எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை ஒரு கோட்டில் இழுத்து வைக்கலாம். புள்ளி அதைக் கோட்டின் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தான். கணினி புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்தது. அவன் கடைக்குள் பத்து நடை, வாசலில் பத்து நடை என்று குட்டி போட்ட பூனையாகச் சுற்றினான். முடிந்ததும் பார்த்தான். உச்சி குளிர்ந்தது. தங்கச்சியின் ஒவ்வொரு இமை மயிரும் தனித்தனியாக நின்றது.

ஆனாலும் மென்பொருளை அப்படியே நம்புகிறவன் அல்ல அவன். அது அடிக்கும் கூத்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் இருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகளைப் புழு நெளிவது போல் ஆக்கி வைத்திருந்தது. பழைய படத்தைப் பார்த்துத் திருத்தினான். மாப்பிள்ளையின் அக்காவுக்கு ஆறாவது விரல் முளைத்திருந்தது, வெட்டினான். ஒரு குழந்தையின் இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்த்தன, சேர்த்து வைத்தான். அப்பாவிடம் வந்தான். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு காதுக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது, ஒட்ட வைத்தான். கழுத்துப் பொத்தானைச் சட்டை விழுங்கியிருந்தது, மீட்டுக் கொடுத்தான். மேலே சரிபார்த்தான், கீழே சரிபார்த்தான். நடுவில் போகவில்லை. போகவில்லை என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷப் பழக்கம் கண்ணுக்கு.

படம் பிரிண்டுக்குப் போய், அங்கிருந்து ஃப்ரேம் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. வேலை முடிந்தது. முடிந்த வேலையை மறந்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதானே. முடியவில்லை.

எதுவோ சரியில்லை. எது என்றுதான் பிடிபடவில்லை. மற்றொரு கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், திருகாணி கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் ஓடியது. அதைத் தேடி எடுப்பதை விட்டுவிட்டு மறுபடியும் படத்தைத் திறந்தான். விரல்களை எண்ணினான். எல்லோருக்கும் ஐந்தைந்துதான் இருந்தது. நிழல்கள் ஒரே பக்கம் விழுகின்றனவா என்று பார்த்தான். விழுந்தன. தங்கச்சியின் சங்கிலிக் கண்ணிகளைக்கூடப் பார்த்தான். ஃப்ரேம் கடைக்காரருக்குப் போன் செய்து, கண்ணாடி போட்டாச்சா, போடாதீங்க, இல்லை போடுங்க என்று உளறினான். மதியத்துக்குள் இன்னும் மூன்று தடவை அவருக்குப் போன் போனது.

அம்மாவிடம் கைப்பேசியில் காட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்கப்பா பழைய மாதிரியே இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பாராட்டுத்தான். ஆனால் கொடுத்த பிறகு அவள் துணி மடிக்கப் போனாளே, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள்.

தங்கச்சி கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்குண்ணா என்றாள். எதைக் கண்டாலும் புருடா என்று சீண்டுகிற வாய் அன்றைக்குச் சீண்டவில்லை. பெட்டி கட்டிக்கொண்டே இருந்தாள். பெட்டிக்குள் வைத்ததை வெளியே எடுத்தாள், எடுத்ததை வைத்தாள். இன்னும் இரண்டு நாளில் விமானம். வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அப்பா மட்டும் வழக்கம்போல மாலை நடைக்குக் கிளம்பிப் போனார்.

புள்ளி கடைக்கு வந்தான். பின்னாலேயே மாப்பிள்ளை வந்தான். ஊருக்குப் போகும் முன் பழைய கேமரா ஒன்றைத் தனக்கும் வாங்கிக்கொள்ள ஆசை. பேச்சுக்கு நடுவே அவன் கண் கணினித் திரைக்குப் போனது. படம் அதில் அப்படியே திறந்து கிடந்தது. அந்தக் குடும்பத்தில் அவன் புதுசு. யாரை எப்படிப் பார்க்கக் கூடாது என்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. மாமாவோட வாயை நேராக்கிட்டீங்களே, அவர்தான் அப்படிக் கேட்டாரா?"

புள்ளி திரையைப் பார்த்தான். அப்பாவின் கண்ணாடிக்குக் கீழே, பொத்தானுக்கு மேலே, சீராக, அளவெடுத்து ஒட்டியது போல் ஒரு சிரிப்பு இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரம். வரிசையான பல். எங்கெங்கோ சிரித்த யார் யாருடைய சிரிப்பையோ கூட்டி வகுத்து மென்பொருள் கொண்டுவந்து வைத்த சிரிப்பு.

முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. சரி, திருத்திவிடலாம், பழைய படம் இருக்கிறதே என்று கையைச் சுட்டியில் வைத்தான். வைத்த கை நின்றுவிட்டது. அப்பாவுக்கு வாய் எந்தப் பக்கம் தொங்கும்? வலதா, இடதா?

தெரியவில்லை. பெற்ற அப்பா. ஒரே வீடு. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கேமராவுக்குள் இருக்கும் நூலளவுக் கம்பி எந்தப் பக்கம் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் புள்ளி. அப்பாவின் வாய் எந்தப் பக்கம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"வலது பக்கம் மச்சான்" என்றான் மாப்பிள்ளை, கேட்காமலே.

புள்ளி ஃப்ரேம் கடைக்குப் போன் செய்தான். கடைக்காரர் எடுத்ததும் அலுத்துக்கொண்டார். இவன் தொல்லை தாங்காமல்தான் மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை முதலில் முடித்தாராம். முடிந்ததைச் சொல்லலாம் என்று கூப்பிட்டால் இவன் எண் கிடைக்கவில்லையாம். வாசலில் அப்பா நடந்து போவதைப் பார்த்ததும் கையோடு உள்ளே கூப்பிட்டுவிட்டாராம்.

"இங்கதான் உக்காந்திருக்காரு. படத்தைப் பாத்துக்கிட்டு இருக்காரு. பேச்சையே காணோம்" என்றார்.

புள்ளி ஓடினான். வண்டியை எடுக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. காய்கறிக் கடை, துணி தேய்க்கிற கடை, சாவி வெட்டுகிற கடை என்று வழியெல்லாம் தெரிந்தவர்கள் என்ன என்ன என்று கேட்க, யாருக்கும் பதில் சொல்லாமல் தோள்பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினான். மென்பொருள் தானாகச் செய்தது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றது.

ஃப்ரேம் கடையில் கண்ணாடித் துண்டுகளுக்கும் மரச் சட்டங்களுக்கும் நடுவே ஒரு முக்காலி. அதில் அப்பா. மடியில் படம். அவ்வளவு பெரிய படத்தை மடியில் வைத்ததில் அவருடைய முழங்கால்கூடத் தெரியவில்லை. கடைக்காரர் எதையோ அளப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"வேலை சுத்தமா இருக்கு" என்றார் அப்பா. "நேரா இருக்கு. ஆயுசு பூரா நேர்கோடு போட்டவன், என்னால கூட இவ்வளவு நேராப் போட முடிஞ்சிருக்காது."

"அது நான் பண்ணலப்பா. அதுவா பண்ணிடுச்சு. எல்லா மூஞ்சியையும் ஒரே மாதிரி சரிபண்ணும். எத்தனையோ பேர் மூஞ்சியைப் பாத்துக் கத்துக்கிட்டது, அதனால அதுக்குத் தெரிஞ்ச வாயைக் கொண்டாந்து வெச்சுடுச்சு."

"சரி. அதுக்குத் தெரியாது. நீ அனுப்புறதுக்கு முன்னாடி பாத்தல்ல?"

அந்தக் கேள்விதான். புள்ளிக்குக் கால் ஆடியது, தோள்பையின் வாரை முறுக்கினான். பார்த்தேன், நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அப்பாவின் முகம் மகனுக்குப் பிடிக்கவில்லை என்று ஆகும். உண்மை அதைவிட மோசமாக இருந்தது.

"பாக்கலப்பா."

"இத்தனை பெருசா வெச்சிருக்க. பாக்கலியா?"

"கண்ணாடியைப் பாத்தேன். பொத்தானைப் பாத்தேன். உங்க வாயைப் பாக்கல. மூணு வருஷமாவே பாக்கல. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். இப்ப எந்தப் பக்கம்னு கூட எனக்குத் தெரியல, மாப்பிள்ளைதான் சொன்னாரு."

அப்பா படத்தைப் பார்த்தார். அதில் சிரித்துக்கொண்டிருந்த ஆளின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தார். எடுத்தார்.

"பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லலியேடா. போட்டோ எடுக்க வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் புள்ளிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீங்க மூணு பேரும் எங்கெங்கயோ பாத்துப் பேசுறீங்கன்னு தெரியும். அவ்வளவு அசிங்கமா இருக்குபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கடைக்காரர் அளந்துகொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

புள்ளி தோள்பையைத் திறந்தான். கேமராவை எடுத்துப் படியில் எடுத்த அசல் படத்தை அதன் சின்னத் திரையில் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினான். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். பெரிதாக்கினார். பன்னிரண்டு பேரில் ஒருவராக, கட்டம் கட்டமாக, வாயின் வலது ஓரம் கீழே இழுக்க இடது ஓரம் மேலே ஏற, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னும் பெரிதாக்கினார். வெறும் புள்ளிகள் ஆகிவிட்டார்.

"இது நான். ஆனா இதைச் சுவத்துல மாட்ட முடியாது" என்றார்.

"முடியாதுப்பா."

"அவ கேட்டது இதுதானே?"

"இருக்கிற அப்பா வேணும்னு கேட்டா. நான்தான் சரியாக் காதுல வாங்கல."

புள்ளி கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டான். தெருவில் ஒரு வண்டி நிற்காமல் ஒலி எழுப்பியது. பன்னிரண்டு பேரைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் ஒரு முகத்துக்குக் கட்டைவிரல் நகத்தளவுதான் கிடைக்கும். அதே கேமராவை ஒரே ஒரு முகத்துக்கு முன்னால் கொண்டுபோனால், அத்தனை புள்ளியும் அந்த ஒரு முகத்துக்கே. மென்பொருள் எதுவும் வேண்டாம், ஊகிக்க எதுவும் மிச்சம் இருக்காது. இது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. புள்ளிக்குத் தெரியாததல்ல. கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் அவனுக்கு இத்தனை வருஷம் துணிச்சல் வரவில்லை.

"அப்பா, ஒண்ணு எடுத்துக்கட்டுமா? இந்த டப்பாலதான். ஆனா கிட்ட வந்து எடுப்பேன். எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியும் என்பதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் எடுப்பது என்று இருந்தான். அப்பா பெரிய படத்தைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்து போகவில்லை.

புள்ளி முக்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டான். கை நீட்டினால் தொடும் தூரம். திரையில் முதலில் கண்ணாடி தெரிந்தது, பழக்க தோஷம். கேமராவை ஒரு விரற்கடை கீழே இறக்கினான். அப்பாவின் கை தானாக எழுந்து வாயை மூடியது. புள்ளி கையை எடுங்கள் என்று சொல்லவில்லை. காத்திருந்தான். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன் காத்திருந்தான். கை மெதுவாக இறங்கி மடிக்குப் போனது.

அவன் பார்த்தான். தொங்கும் வலது ஓரம், அங்கே சவரத்தில் தப்பிய நாலு நரைமுடி, அதற்குக் கீழே ஈரம் துடைத்துத் துடைத்துக் கறுத்துப் போன தோல். அசிங்கமாக இல்லை. இவ்வளவுதானா, இதைப் பார்க்கவா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்தது. கேமரா ஆடியது. எதனால் என்று பார்த்தால், மண்டியிட்ட நிலையிலும் அவனுடைய ஒரு பாதம் தன் பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாம எடுடா. நானே கோணல். நீ வேற ஆட்டினா என்ன ஆகும்?" என்றார் அப்பா.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொன்னவருக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டார். புள்ளி எடுத்தான். டீயோடு திரும்பி வந்த கடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பெரிய படத்தை என்ன செய்வது என்று பிறகு அவர் கேட்டார். அதில் மற்ற பதினோரு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார் அப்பா. புள்ளியின் கடையில் மாட்டச் சொன்னார். ஆள் மாறினால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று கீழே எழுதிப் போடவும் சொன்னார்.

புதுப் படத்தைப் புள்ளி எந்தப் பொத்தானையும் தொடாமல் பிரிண்ட் போட்டான். புத்தக அளவு. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வந்தபோது தங்கச்சி பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டோடு போராடிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் இருந்தாள். அப்பா சன்னல் ஓரம் நின்றார், கை மட்டும் முகவாய்க்கும் பாக்கெட்டுக்கும் இடையில் எங்கே போவது என்று தெரியாமல் அலைந்தது.

தங்கச்சி படத்தை வாங்கினாள். பார்த்தாள். அம்மா அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி படத்திலிருந்து தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். நெற்றியை அல்ல, கையை அல்ல. மறுபடியும் படம், மறுபடியும் அப்பா. புள்ளிக்கு ஒரு காலும் ஆடவில்லை.

"சிரிக்கும்போது இடது கன்னத்துல ஒரு குழி விழுதேப்பா" என்றாள். "உங்களுக்கு முன்னாடி இது கிடையாதே."

"இருக்கும்மா" என்றார் அப்பா. "மூணு வருஷமா இருக்கு."